கழுத்துக்குப் பின்னால் ஓர் எம்

மே 5, ஞாயிறு

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நேற்று சாயங்காலம் ஒரு துணிக்கடையில், துணி மாற்றிப் பார்க்கிற அறைக்குள், ஒரு சுடிதார் டாப்ஸில் நான் மாட்டிக்கொண்டேன். தலை உள்ளே போய்விட்டது. கை இரண்டும் மேலே தூக்கியபடி நின்றுவிட்டன. அதற்கு மேல் துணி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி நின்றேன், பஸ்தான் இல்லை. கடைப் பெண்கள் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கமாக இழுத்தார்கள். "மூச்ச உள்ள இழுங்க்கா" என்றது ஒரு குரல். "கத்தரிக்கோல் எடுத்துட்டு வரட்டுமா?" என்றது இன்னொன்று. கத்தரிக்கோல் என்று கேட்டதும் பயத்தில் உடம்பே சுருங்கியிருக்க வேண்டும். துணி வந்துவிட்டது.

அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே இருட்டில் நின்றபோது, வெளியே என் மகள் தர்சினியும் என் ஓரகத்தி கோகிலவாணியும் சேர்ந்து சிரித்தது காதில் விழுந்தது. வேறு எதற்காவது சிரித்திருப்பார்கள்.

கோகிலவாணி என் கொழுந்தனாரின் மனைவி. எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். கொழுந்தனார் லாரியில் போனால் வர பத்து நாள் ஆகும். வயது முப்பத்துநாலு. அதே கடையில் எஸ் என்று எழுதியிருந்த ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, "எஸ்ஸே லூசா இருக்குதுங்க்கா" என்றாள். இதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டுமா? ஊதுவத்திக்கு உறை போட்டால் லூசாகத்தான் இருக்கும்.

எனக்கு நாற்பத்தாறு. பதினேழு வயதிலிருந்து சேலைதான். ஐந்தரை மீட்டர் சேலை ஒரு நாளும் என்னைப் பார்த்து நீ என்ன சைஸ் என்று கேட்டதில்லை. இப்போது பனியன் கம்பெனியில் புதுச் சட்டம். போன மாதம் தையல் லைனில் ஒருத்தியின் முந்தானை மோட்டார் பெல்ட்டில் சுற்றிக்கொண்டது. ஆள் தப்பினாள், சேலை தப்பவில்லை. அதனால் ஜூன் ஒன்றிலிருந்து உள்ளே சேலை கூடாது, எல்லாரும் சுடிதாரில்தான் வரவேண்டும் என்று சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருப்பூரில் பதினேழு வருடமாக நான் பார்க்கிற வேலையே சைஸ் லேபிள் வைப்பதுதான். எஸ், எம், எல் என்று சரியான லேபிளை எடுத்துச் சரியான பீஸின் கழுத்தில் வைத்துக் கொடுத்தால் டெய்லர் தைத்துக்கொண்டு போவார். உலகத்துப் பொம்பளைகளுக்கெல்லாம் நீ இன்ன சைஸ் என்று சொல்லி அனுப்புகிறவள் நான். என் சைஸ் எனக்குத் தெரியாது.

இது கம்பெனி தீபாவளிக்குக் கொடுத்த போன வருடத்து டைரி. கிழமையை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். படிப்பு ஐந்தாவது. தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படிக்கவும். யாரும் படிக்கவும் கூடாது.

மே 8, புதன்

வேலை விட்டு வரும்போது தனியாக மூன்று கடை ஏறினேன். முதல் கடையில் எல் என்று போட்டது சரியாக இருந்தது. சந்தோஷத்தில் அடுத்த கடைக்குப் போனேன். அங்கே டபுள் எக்ஸெல் என் தோளோடு நின்றுவிட்டது. இரண்டு கடைக்கும் நடுவில் நான் ஒரு டீ மட்டும்தான் குடித்தேன். மூன்றாவது கடைப் பெண், "இது ஃப்ரீ சைஸுங்க்கா, எல்லாருக்கும் பொருந்தும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினாள். நான் எல்லாரிலும் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

எனக்கு இதெல்லாம் தெரியாததா? இன்று காலையில்கூட ஒரு ஆர்டருக்கு எம் வைத்தேன். மதியம் அதே அகலம், அதே நீளம், அதே மார்பளவு பீஸுக்கு எக்ஸெல் வைத்தேன். காலையில் வைத்தது ஒரு நாட்டுக்கு, மதியம் வைத்தது இன்னொரு நாட்டுக்கு. ஒரு ஊரில் பொம்பளை கோவித்துக்கொள்ளாமல் இருக்க எம் என்கிறார்கள். இன்னொரு ஊரில் அவள் கோவித்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. ஒரே உடம்போடு விமானம் ஏறினால் எம்மில் ஏறி எக்ஸெல்லில் இறங்கலாம்.

எல்லாம் தெரிந்தும், அந்தக் கடையில் டபுள் எக்ஸெல் பத்தவில்லை என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கடைசியில் துணி எடுத்து டெய்லரிடம் மூன்று செட் தைக்கக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் பாக்கெட் வைக்கச் சொன்னேன். டெய்லர் அளவெடுத்தபோது நம்பரைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டார். நல்ல மனுஷன்.

மே 12, ஞாயிறு

தர்சினிக்கு வேலைக் கடிதம் வந்துவிட்டது. சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். லேடீஸ் ஹாஸ்டலும் பார்த்தாயிற்று. கொண்டுபோய் விட ஒரு பெண் மட்டும் கூட வரலாம், ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாம், ஆம்பளைகள் வாசலோடு சரி. அது அந்த ஹாஸ்டல் சட்டம்.

சோறு போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வந்தது. "அப்ப யாரு கண்ணு போறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

தர்சினி தட்டைப் பார்த்துக்கொண்டே, "சித்தி வரேன்னாங்கப்பா. அம்மாவுக்கு எப்புடியும் லீவு கெடைக்காது" என்றாள்.

"ஆமா கண்ணு, சித்தியவே கூட்டிட்டுப் போ" என்றேன். "அவளுக்கு அர டிக்கெட்டு போதும். பையில மடிச்சு வெச்சீன்னா அதுவும் வேண்டாம்."

அவர் சிரித்தார். தர்சினியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பெற்றவள் இருக்கும்போது சித்தி போய் விடுவதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. எஸ் சைஸில் ஒருத்தி கூட வந்து நின்றால் ஹாஸ்டலில் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

ராத்திரி தோசையில் உப்பே இல்லை என்றார்கள். போட்டதாகத்தான் ஞாபகம்.

மே 16, வியாழன்

தைக்கக் கொடுத்த சுடிதார் வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் மட்டும் மொட்டையாக இருந்தது.

கம்பெனியில் ஒரு ஆர்டர் முடிந்தால் மிச்ச லேபிளைக் கூட்டிக் குப்பையில் தள்ளுவார்கள். இன்று தள்ளியதில் ஒரு கை எம் எடுத்துக்கொண்டேன். குப்பைதானே. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மூன்று டாப்ஸிலும் கழுத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு எம் வைத்துத் தைத்தேன். பதினேழு வருட அனுபவம். கோணல் இல்லாமல் உட்கார்ந்தது.

பிறகு துவைத்து, கழுத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மாடிப்படி ஏறுகிறவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துக் கொடியில் போட்டேன்.

மே 17, வெள்ளி

கோகிலவாணி கொடியைத் தாண்டி இரண்டு தடவை போனாள். பார்த்தாளா தெரியவில்லை.

மே 18, சனி

பார்த்துவிட்டாள். காலையில் பார்த்தால் மூன்று கழுத்தும் உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தது. பொறாமை. நான் மறுபடியும் வெளியே திருப்பிவிட்டேன்.

"ஏம்புள்ள, அந்தத் துணியென்ன கழுத்து மட்டும் ரெண்டு நாளாக் காயுது?" என்றார் என் வீட்டுக்காரர். கழுத்தில்தான் வேர்வை அதிகம் என்றேன். இன்னும் அந்தத் துணியை ஒருநாள்கூடப் போடவில்லையே என்றார். சரக்கு ஆட்டோ ஓட்டுகிற மனுஷனுக்கு இவ்வளவு கவனம் எதற்கு?

மே 19, ஞாயிறு

தர்சினியும் கோகிலவாணியும் பத்து மணிக்கு வண்டியில் கிளம்பினார்கள். எங்கே என்றேன். "சும்மா ஒரு வேலயாம்மா" என்றாள் மகள். சும்மா ஒரு வேலைக்கு இரண்டு பேர், புது ஹெல்மெட், உதட்டில் சாயம்.

மதியம் மூன்று மணிக்குத்தான் வந்தார்கள். நேராக மாடிக்குப் போனார்கள். நான் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும் கோகிலவாணி ஒரு பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு பேரும் எதையோ பாதியில் நிறுத்திக்கொண்ட முகத்தோடு இருந்தார்கள்.

"என்னங்க்கா, கீழயே கருவேப்பில மரம் இருக்குதே?" என்றாள்.

"அந்த மரத்து எல கொஞ்சம் பெரிய சைஸு அம்மிணி. எனக்குச் சின்னதா வேணும்" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் இறங்கும்போது ஒன்பதாவது படியில் நின்று கேட்டேன். மறுபடியும் சிரிப்புச் சத்தம். இருபத்தொரு வருடத்தில் என்னிடம் தர்சினி அப்படி மூச்சு முட்டச் சிரித்ததில்லை. நான்தான் வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவள். அது எனக்கே தெரியும். ஊருக்கே தெரியும்.

மே 22, புதன்

ராத்திரிச் சோற்றை நிறுத்தி மூன்று நாள் ஆகிறது. பகலில் கம்பெனிக்கு வெளியே சுடச்சுட வடை போடுகிறான். அது சோறு இல்லை.

மே 24, வெள்ளி

டீ குடிக்கிற நேரம். லேபிள், செக்கிங், சேம்பிள் என்று எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கோகிலவாணி சேம்பிள் பிரிவில் இருக்கிறாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் முதல் பீஸை அவள்தான் தைத்துப் பார்ப்பாள், அதைப் பார்த்துத்தான் மற்ற லைனெல்லாம் ஓடும். அவள் புதுச் சுடிதாரில் வந்தாள். சந்தன நிறம். எல்லாரும் "சின்னப் புள்ள மாதிரி இருக்கறயே" என்றார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "எங்க கோகிலாவச் சாதாரணமா நெனைக்காதீங்க. துணி தொவச்சா அவளும் சேந்துதான் கொடியில காயுவா. கிளிப்பு போடலீன்னா ஆளோட பறந்துருவா. கொழுந்தனாரு லாரில போறதே பொண்டாட்டியத் தேடிப் புடிச்சுட்டு வரத்தான்" என்றேன்.

நல்ல சிரிப்பு. செக்கிங்கில் ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. கோகிலவாணியும் சிரித்தாள். பிறகு நூல் மாற்ற வேண்டும் என்று எழுந்து போனாள்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆறிப்போனதால் நான்தான் எடுத்துக் கொட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

மே 27, திங்கள்

மூன்று நாளாக அவள் கீழே வரவில்லை. கோழிக்குழம்பு வைத்துத் தர்சினியிடம் கொடுத்தனுப்பினேன். பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது.

ஜூன் 1, சனி

முதல் நாள் சுடிதார். தெருவில் நடக்கும்போது எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மற்றபடி வேகமாக நடக்க முடிகிறது. பாக்கெட்டில் கடலை போட்டுக்கொள்ளலாம்.

செக்கிங்கில் இருப்பவள் சும்மா இல்லாமல் என் கழுத்தைப் புரட்டி, "ஏனுங்க்கா, நீங்க எம்மா?" என்றாள். "பின்ன?" என்றேன். கோகிலவாணி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயிறெரிந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "எட்டு, ஒம்பது, பத்து மூணு நாளும் லீவு எழுதியாச்சுக்கா" என்றார். நான் கேட்கவே இல்லையே என்றேன். "கேட்டாச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலையை விட்டு எடுக்கப் போகிறார்களோ என்று வீடு வரும்வரை அதே யோசனை. குப்பையில் எடுத்த லேபிளுக்கா?

ஜூன் 2, ஞாயிறு

வேலை போகவில்லை.

காலையில் தர்சினி மாடியிலிருந்து ஒரு பையோடு இறங்கி வந்து என் மடியில் வைத்தாள். "பிரிம்மா" என்றாள். கரும்பச்சையில் ஒரு சுடிதார். கழுத்தில் மெல்லிசாகக் கடுகு நிறத்தில் பூவேலை. அதே கடுகு நிறத்தில் அகலமாக ஒரு துப்பட்டா, போர்வை மாதிரி. இவ்வளவு அழகான துணியை நான் லேபிள் வைக்கத்தான் தொட்டிருக்கிறேன்.

"டியூசன் எடுத்த காசுல வாங்குனேன். இதப் போட்டுட்டு நீதான் எங்கூட மெட்ராஸ் வர்ற."

"சித்தி வரேன்னாளே?"

"உனக்கு லீவு கெடைக்காதுன்னுதானே அவங்களக் கேட்டேன். நீயா வாயத் தொறந்து வரேன்னு சொன்னியா? அர டிக்கெட்டு, கால் டிக்கெட்டுன்னு கிண்டல் பண்ணிட்டு உக்காந்திருந்த. சித்திதான் போயி உங்க சூப்பர்வைசர்கிட்டச் சண்ட போட்டு லீவு வாங்கீட்டு வந்தாங்க."

நான் துணியைத் தடவிக்கொண்டே இருந்தேன். கழுத்தைப் புரட்டினேன். பழக்கம். எம்.

"சைஸு எப்புடிக் கண்டுபுடிச்சேன் பாத்தியா?" என்றாள். "கொடியில உன் துணியெல்லாம் பாத்தேன். எல்லாத்துலயும் எம்மு. கடையில சித்தி நாலு தடவ கேட்டாங்க, எம்முதானா, எம்முதானான்னு. லேபிள்லயே இருக்குதுங்க சித்தீன்னு சொன்னேன். எங்கம்மாவுக்கு லேபிள் தப்பாகுமா? ஆனா திருப்பித் தரக் கூடாதுங்கற துணிம்மா, ஆடியில போடற மாதிரி. போட்டுக் காமி."

"ஊருக்குப் போறன்னைக்குத்தான் போடுவேன். புதுசு" என்றேன்.

கையில் அந்தத் துணி இருந்தது. கழுத்தில் எம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் 3, திங்கள்

கதவைத் தாழ்போட்டுவிட்டுப் போட்டுப் பார்த்தேன். அதே பஸ், அதே கம்பி. இந்தத் தடவை என் வீட்டுக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார்.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். "கண்ணுகிட்டச் சொல்லிப்போடு புள்ள" என்றார்.

"என்னன்னு? உங்கம்மா பொய் லேபிளு தெச்சாள்னா?"

"எதுக்குத் தெச்ச?"

நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன். தெரிந்தால்தானே சொல்ல. மகள் ஆசையாக வாங்கியது. போடவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று நினைப்பாள். உண்மையைச் சொன்னால் இனி நான் சொல்கிற எதையும் புரட்டிப் பார்ப்பாள். ஊருக்குப் போகிற பிள்ளையை இரண்டில் எதோடும் அனுப்ப மனம் வரவில்லை. இன்னும் ஐந்து நாள்.

ஜூன் 4, செவ்வாய்

ஒரு வேளைதான் சாப்பிட்டேன். வடையும் இல்லை. சாயங்காலம் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு விரல்கடை அதிகமாக இறங்கின மாதிரி இருந்தது. ஐந்து நாளில் ஐந்து விரல்கடை. அந்தக் கணக்குக்கு இடுப்பு வந்து சேரத் தீபாவளி ஆகிவிடும்.

ஜூன் 5, புதன்

வேறு வழியில்லை. துணியைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். பதினெட்டுப் படி. ஒன்பதாவதில் கொஞ்ச நேரம் நின்றேன்.

கோகிலவாணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க்கா" என்றாள். சிரிக்கவில்லை. நான் பையை அவள் மடியில் வைத்தேன். சொல்ல வேண்டியதை மனதில் வரிசையாக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"இது ஏறலடி."

அவள் துணியை எடுத்துப் பார்க்கவே இல்லை. "தெரியுமுங்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு எம்மு பத்தாதுன்னு. கண்ணால பாத்து அளவு சொல்றது எனக்குத் தொழிலுங்க்கா. நீங்க கொடியில போட்ட அன்னைக்கே தெரியும். அந்த லேபிளு நீலக் கர போட்ட ஆர்டரு. அதுக்கு மொதப் பீஸு தெச்சதே நானு. உங்க டெய்லருக்கு அந்த லேபிளு எங்கிருந்து வரும்?"

"அதுக்குத்தான் கழுத்தையெல்லாம் உள்ள மடிச்சு வெச்சயா?"

"பின்ன? நம்ம கம்பெனிக்காரி எவளாச்சும் வீட்டுக்கு வந்து பாத்தா சிரிக்க மாட்டாளா? நானும் மடிச்சு மடிச்சு வெக்கறேன், நீங்களும் வெளிய வெளிய எடுத்துப் போடறீங்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். "அப்பறம் ஏண்டி அவள எம்மு வாங்க உட்ட? சொல்லியிருக்கலாமல்ல?"

"என்னன்னு சொல்றது? உங்கம்மா பொய் சொல்லியிருக்காங்கன்னா? அவ கடையில நின்னுட்டு, எங்கம்மாவுக்கு லேபிளு தப்பாகுமாங்கறா. நா எப்புடிங்க்கா வாயத் தொறக்கறது?" அவள் துப்பட்டாவை எடுத்து விரித்தாள். கட்டில் பாதி மறைந்தது. "அதுக்குத்தான் கட முழுக்கத் தேடி, அகலத் துப்பட்டா இருக்கறதாப் பாத்து எடுத்தோம். அவ வேற ஒண்ணுதான் கேட்டா. நாந்தான் உடல. இத வெட்டி, ரெண்டு பக்கமும் அக்குள்ல இருந்து கீழ வரைக்கும் மூணு மூணு இஞ்சு பட்டி வெச்சுத் தெச்சா ஏறிரும். பாக்கறவங்க டிசைனும்பாங்க. நீங்க எப்ப மேல வருவீங்கன்னு மூணு நாளா மிஷின்ல கடுகு நூலு போட்டு வெச்சிருக்கறேன்."

வெங்காயம் அவள்தான் உரித்தாள். எனக்கு ஏன் கண் எரிந்தது என்று தெரியவில்லை. காற்று என் பக்கமாக அடித்திருக்கும்.

டேப்பை எடுத்து என்னைச் சுற்றினாள். அவள் கை இரண்டும் என்னைச் சுற்றி வந்து சேரவே கொஞ்ச நேரம் ஆனது. "நாப்பத்திநாலு" என்றாள் சத்தமாக. என் டெய்லர் மாதிரி இங்கிதம் கிடையாது.

"உனக்கென்ன, எஸ்ஸு" என்றேன்.

அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தான் போட்டிருந்த டாப்ஸின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே இரண்டு பக்கமும் கைப்பிடி அளவு துணியை மடித்துத் தைத்திருந்தது. முதுகில் இரண்டு ஊக்கு. "எஸ்ஸு லூசுன்னு அன்னைக்குக் கடையில சொன்னனே, பெருமைக்கா சொன்னேன்? எந்தக் கடையிலயும் எனக்கு நிக்கறதில்லீங்க்கா. கடைசில, பன்னெண்டு வயசுப் புள்ளைகளுது காட்டறோம், வாங்கன்னு கூட்டிட்டுப் போறாங்க. முயல் குட்டி படம் போட்டது. அந்தச் சந்தனக் கலரும் அப்புடித்தான். முயலப் பிரிச்சுட்டுப் போட்டுட்டு வந்தேன். அன்னைக்குத்தான் நீங்க கொடி, கிளிப்புன்னு..."

முடிக்காமல் ஊசியில் நூல் கோர்த்தாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் அம்மா வீட்டிலும் யாருக்கும் இல்லை. "நாளைக்கு ஆட்டுக்கறி எடுக்கச் சொல்றேன். மேல தூக்கி அனுப்ப மாட்டேன். கீழ வந்து தின்னு" என்றேன்.

"பறந்து போறவளுக்குக் கறி எதுக்குங்க்கா?"

"கனம் சேரட்டும். கிளிப்பு மிச்சம்."

அவள் சிரித்துவிட்டாள். நான் போகிற மாதிரி எழுந்து, போகாமல் நின்று, கேட்டும்விட்டேன். "தர்சினி தெனமும் இங்கதானே கெடக்கறா. அப்புடி என்ன பேசுவா?"

"உங்களத் திட்டுவா. கேட்டுக் கேட்டு எங்காது புளிச்சுப்போச்சு. எங்கம்மா மத்தவங்களையெல்லாம் சிரிக்க வெப்பாங்க, எங்கிட்ட ஒக்காந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்கன்னு. என்னைய அப்புடித் திட்டறதுக்கு ஒரு புள்ள இல்லையேன்னு நானும் கேட்டுட்டு இருப்பேன்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் கீழே வந்து அரிசி களைந்தேன். நாலு தடவை களைந்தேன் போலிருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

வலது பக்கப் பட்டி முடிந்தது. இடது பக்கம் தைக்கும்போது காற்றும் மழையும் வந்து கரண்ட் போய்விட்டது. வரவே இல்லை. "காலையில பாத்துக்கலாங்க்கா" என்றாள். ரயில் ஏழே காலுக்கு.

ஜூன் 8, சனி, ரயிலில்

காலையிலும் கரண்ட் வரவில்லை. இடது பக்கம் அக்குளிலிருந்து இடுப்பு வரை திறந்தே கிடந்தது. நான் அதை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி நிற்க, கோகிலவாணி முட்டி போட்டு, போட்ட துணியை என் மேலேயே வைத்துக் கையால் தைத்துவிட்டாள். இரட்டை நூல், நெருக்கத் தையல். இரண்டு இடத்தில் என்னையும் தைத்தாள். நான் கத்தவில்லை. அந்த அளவுக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

"ஆனா ஒண்ணுங்க்கா. உடம்போட ஒட்டித் தெச்சுட்டேன், நூலப் பிரிக்காமக் கழட்ட வராது. அங்க போனதும் தர்சினிகிட்டச் சொல்லிப் பிரிச்சுக்குங்க" என்றாள்.

தர்சினி என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "சூப்பரா இருக்கும்மா. துப்பட்டா எங்க?" என்றாள். வேர்க்கும் என்றேன். அவள் கண் இரண்டு பக்கத்துக் கடுகுப் பட்டியிலும் நின்றது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டாள். ஸ்டேஷனில் கோகிலவாணி ஜன்னலோரம் நின்று தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீர் பாட்டில் வாங்குகிறேன் என்று இறங்கிப் போய், பாட்டில் கடையைத் தாண்டியும் நடந்துவிட்டு வந்தேன்.

ஈரோடு தாண்டியாயிற்று. பக்கத்தில் தூங்குகிறாள். என் தோளில்தான். இடது தோள். தையல் இழுக்கிறது. பரவாயில்லை.

ஜூன் 8, சாயங்காலம், ஹாஸ்டல்

அறை சின்னது. அறையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். அவளுடைய அம்மா சேலையில் வந்திருந்தார். வந்ததும் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நைட்டிக்கு மாறிக் காற்றாட உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்தச் சேலையைப் பார்க்கப் பார்க்க வயிறெரிந்தது.

தர்சினியின் துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். பழக்க தோஷம், ஒவ்வொரு கழுத்தையும் புரட்டினேன். எஸ். எல். எம். ஒன்றில் முப்பத்துநாலு. இன்னொன்றில் எக்ஸெல். "இதெல்லாம் யாருது கண்ணு?" என்றேன்.

"எல்லாம் என்னுதுதாம்மா. எல்லாமே எனக்குச் சரியாத்தான் இருக்கும். நா எங்க லேபிளப் பாத்தேன்? போட்டுப் பாத்துத்தான் எடுப்பேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "போயிக் குளிச்சுட்டு மாத்தும்மா" என்றாள்.

"இருக்கட்டும் கண்ணு. இப்புடியே படுத்துக்கறேன்."

"ரயில்ல வந்த துணியோடவா?"

"நல்லா இருக்குதுன்னியே. இன்னுங் கொஞ்ச நேரம் போட்டுக்கறேன்."

இரண்டாம் தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சித்தியின் கைத்தையல் அவளுக்குத் தெரியாதா? விரலால் அக்குளிலிருந்து இடுப்பு வரை தடவினாள். பிறகு கழுத்தைப் புரட்டி எம்மைப் பார்த்தாள்.

நான் சொன்னேன். கடை, கத்தரிக்கோல், கொடி, குப்பை, வடை எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே அவர்கள் சிரித்தது காதில் விழுந்ததையும் சொன்னேன். அதை இதுவரை இந்த டைரியில் தவிர வேறெங்கும் சொன்னதில்லை.

"அன்னைக்கா? அந்தக் கடையில பொம்மைக்கு மீச வெச்சிருந்தாங்கம்மா. பொம்பளத் துணியப் போட்டு ஆம்பளப் பொம்மைய நிறுத்தீட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கட்டிலில் விழுந்து, தலையணையில் முகத்தை அமுக்கி, மூச்சு முட்டிச் சிரித்தாள். கடைசியில் அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்து, முதுகைத் தடவிக் கொடுத்தேன். "திங்கக்கெழம நீ போயிருவியா?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து. நாளைக்கே போகச் சொல்லியிருக்கிறார்கள், ஒரு ராத்திரிதான் சட்டம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. நானும் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

நூலைப் பிரிக்க அறையில் கத்தரிக்கோல் இல்லை. தர்சினி கீழே போய் வார்டன் அம்மாவிடம் கேட்டாள். அவர் பார்சல் பிரிக்கிற பெரிய கத்தரிக்கோலோடு தானே மேலே வந்துவிட்டார். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கீழே தன் அறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாராம், ஆனாலும் பார்த்து வெட்டிவிடுவேன் என்றார். நூல் சுத்தமாகப் பிரிந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் தொங்கிய என் பின்னலில்தான் நாலு விரல்கடை சேர்ந்து வெட்டுப்பட்டுவிட்டது. வார்டன் அம்மா அந்த முடியை ஒரு பேப்பரில் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.